நனைந்த புறங்கை

நான் ஒரு பொய் அறிக்கை எழுதினேன். மயக்க மருத்துவராக நாற்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்ததில் எத்தனையோ தவறுகள் செய்திருக்கிறேன். அவை தெரியாமல் நடந்தவை. இது தெரிந்தே செய்தது. அறுவை மேசையில் ஒரு நோயாளியின் மூச்சு அடைபட்டது. அடைபடக் காரணமானவன் நான். மீட்டவர் என் உதவியாளர். அறிக்கையில் இரண்டு பேரையும் இடம் மாற்றி எழுதினேன். அவருக்கு வேலை போயிற்று. ஊரில் இருந்த நல்ல பெயரும் போயிற்று. பயத்தில் செய்துவிட்டேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் கொஞ்சந்தான். பொறாமைதான் அதிகம்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதிக் கெடுத்தது போதும்.

அரசுப் பணி முடிந்தபிறகு, ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு சிறிய தரும மருத்துவமனையில் சேர்ந்தேன். செவ்வாயும் வெள்ளியும் அறுவை நாள். அறுவை மருத்துவர் கீழேயிருந்து வருவார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். மற்ற நாட்களில் நான், இரண்டு செவிலியர், பிறகு நான் சொன்ன அந்த உதவியாளர், இந்த அம்மாள்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். குள்ளம். மேசையின் தலைமாட்டில் நிற்பதற்காக ஒரு மரப்பலகையைக் காலால் தள்ளிப் போட்டுக்கொண்டு அதன்மேல் ஏறி நிற்பார். எட்டாவது வரை படித்தவர். துணி துவைக்கச் சேர்ந்து, கருவிகளை வேகவைக்கக் கற்று, ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்து சேர்ந்தவர். யாரையும் புகழமாட்டார். சாப்பாட்டை யாரோடும் பகிரமாட்டார். செவிலியர் கையுறை போடத் தாமதித்தால், "கல்யாணப் பொண்ணுக்கு வளையல் போட்ற மாதிரி போட்டுனு இருக்க" என்பார்.

மலையில் நாங்கள் செய்த அறுவைகளில் பெரும்பாலானவை முதுகு ஊசியில் முடிந்துவிடும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆள் விழித்திருப்பார். சிலர் பயப்படுவார்கள். அவர்களுக்கு நரம்பு வழியாகக் கொஞ்சம் தூக்க மருந்து தருவது வழக்கம். ஆபத்து அங்கேதான். முதுகு ஊசி சரியாக விழுந்தால் மூச்சு மாறாது. மேலே கொடுக்கும் தூக்க மருந்து மூச்சை மாற்றும். அளவு கூடினால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். அல்லது உடம்பு மூச்சு விடுவதையே மறந்துவிடும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம்; மாணவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன்.

அந்த அம்மாளுக்குப் பாடம் எதுவும் தெரியாது. முதுகு ஊசி போட்டதும் குழாயடிக்குப் போய் இடது புறங்கையை நனைத்துக்கொண்டு வருவார். துடைக்கமாட்டார். நோயாளியின் மூக்குக்கு முன்னால் விரற்கடை தூரத்தில் அந்தக் கையைப் பிடித்தபடி நிற்பார். ஈரம் காய்ந்தால் மறுபடியும் குழாயடி. நோயாளிக்குப் பிராணவாயு முகமூடி வைத்திருந்தால் அதன் ஓரத்தைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொள்வார்.

"இது என்ன வித்தை?" என்று முதல் வாரம் கேட்டேன்.

"ஈரத்துல காத்து பட்டா ஜில்லுனு இருக்கும் சார். ஜில்லுனு இல்லன்னா காத்து இல்ல. கன்னுக்குட்டி பொறக்க சொல்ல மூக்குல இப்டித்தான் வெப்போம்."

"மனுஷன் கன்னுக்குட்டியா?"

"மூச்சு ஒன்னுதானே சார்."

செவிலியர் இருவரும் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவருக்கு இன்னொரு பழக்கம். மேசையில் படுத்திருப்பவரிடம் அவருடைய கொல்லையின் எல்லைகளைச் சொல்லச் சொல்வார். மலையில் நிலத்தைக் கொல்லை என்பார்கள், வேலி கிடையாது, பாறை, ஓடை, மரம் இவைதான் எல்லை. சாகக் கிடப்பவனும் தன் எல்லையைப் பிசகாமல் சொல்வான். பேசிக்கொண்டிருக்கிறவன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான் என்பது அவர் கணக்கு. குரல் குழறினாலோ, பாதியில் தேங்கினாலோ, என்னை ஒரு பார்வை பார்ப்பார். கால் வைத்தே பார்த்திராத எத்தனையோ கொல்லைகளின் வரைபடம் அவர் தலைக்குள் இருந்தது.

ஒருமுறை புதூர்நாட்டுக்காரர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை. "கீழண்ட ஓட, மேலண்ட பலா மரம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"எந்தப் பலா மரம்ணா? போன வருசம் உங்க தம்பி இதே மேசையில படுத்துனு, அந்தப் பலா மரம் எனுதுன்னு சொன்னாரே?"

"அவன் எப்டி சொல்லலாம்? எங்கப்பன் எனக்கு விட்ட மரம் அது!"

"உங்க தம்பியும் அப்டித்தான் சொன்னாரு."

வயிறு திறந்து கிடக்கிறது. ஆள் எழுந்து தம்பியை அடிக்கப் போவதுபோல் கத்துகிறார். அறுவை மருத்துவர் கருவியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, சிரிக்க வெக்காதீங்க, கை ஆடுது." அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கையில் ஊசியோடு நின்றிருந்தேன். என்னிடம் அறுவை மருத்துவர் அப்படி ஒருநாளும் பேசியதில்லை.

அந்த மருத்துவர் அறுவையின்போது கைப்பேசியில் சினிமாப் பாட்டு வைப்பார். சத்தத்தைக் குறைக்கும்படி நான் நான்கைந்து முறை சொல்லியிருக்கிறேன். "உங்க காலத்துப் பாட்டு வேணுமா சார்?" என்று கேட்டுச் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார். ஒருநாள் இந்த அம்மாள், "பாட்டு வேணாங்க சார், எனக்குக் காது கேக்கணும்" என்றார். உடனே நிறுத்திவிட்டார். அதன்பிறகு ஒருநாளும் வைக்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தை இத்தனை ஆண்டு கழித்து நினைவு வைத்திருக்கிறேன் என்றால் பாருங்கள்.

நோயாளிகளும் அப்படித்தான். நெல்லிவாசல் பக்கத்திலிருந்து ஒருவர் மனைவியைக் கருப்பை அறுவைக்குக் கூட்டி வந்திருந்தார். ஒப்புதல் தாளை நீட்டினேன். அவர் பேனாவைத் தொடாமல், "அந்தக்கா இருக்காங்களா இன்னிக்கு?" என்று கேட்டார்.

"மயக்க டாக்டர் நான்தான். நான் இருக்கிறேன்."

"நீங்க ஊசி போடுவீங்க சார். அப்பால?"

அந்த அம்மாளுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்து வாசலில் நின்று தலையசைத்த பிறகுதான் அந்த மனிதர் கையெழுத்துப் போட்டார்.

நான் ஊர் ஊராகக் கடிதம் எழுதி, நன்கொடையில் ஒரு புதிய மானிட்டர் வரவழைத்தேன். இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம், விரல்நுனியில் மாட்டினால் இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவு, எல்லாம் திரையில் தெரியும். வெளிவிடும் மூச்சையே அளந்து காட்டும் தனிக் கருவியும் சந்தையில் உண்டு. அதை நான் கேட்கவில்லை. இந்த மானிட்டர் வந்தால் அந்த ஈரக்கை தேவைப்படாது என்று நினைத்தேன். நோயாளிகளுக்காக வாங்கியதாக எல்லோரும் நம்பினார்கள். ஆயுத பூசையன்று அவர் அதற்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். மறுநாள் வழக்கம்போலக் குழாயடிக்குப் போனார்.

டீ அறையில் ஒருநாள் அவர் குரல் வெளியே கேட்டது. "சார் டீவி பாத்துனு இருப்பாரு. நான் ஆளப் பாத்துனு இருப்பேன்." உள்ளே ஒரே சிரிப்பு. நான் காலடி ஓசை கேட்காமல் திரும்பிப் போனேன். அந்த வாக்கியம் எனக்குள் மாதக்கணக்கில் கிடந்தது.

அதன்பின் தேவையில்லாதவர்களுக்கும் தூக்க மருந்து கொடுக்கத் தொடங்கினேன். தூங்கினால் பேசமாட்டார்கள். பேசாவிட்டால் கொல்லையும் இல்லை, எல்லையும் இல்லை, சிரிப்பும் இல்லை. நோயாளியின் நிம்மதிக்காக என்று மருத்துவக் குறிப்பில் எழுதினேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தவர் அறுபத்தைந்து வயதுப் பெரியவர், குடலிறக்கம். நெல்லிவாசலில் அந்த அம்மாளின் ஊர்க்காரர்தான். முதுகு ஊசி நன்றாக விழுந்தது. பெரியவருக்குப் பயமே இல்லை. கணீரென்ற குரலில் தன் கொல்லையைச் சுற்றி வரத் தொடங்கினார். நான் தூக்க மருந்தைச் செலுத்தினேன். குரல் இறங்கியது, நிற்கவில்லை. இன்னொரு அளவு எடுத்தேன்.

"போதுங்க சார். வயசானவரு" என்றார் அவர்.

"எனக்குத் தெரியும்."

இரண்டாவது அளவையும், கூடவே கொஞ்சம் வலி மருந்தையும் செலுத்தினேன். பெரியவர் பேச்சை நிறுத்தினார். குறட்டை விட்டார். "அப்பாடா, இன்னைக்குதான் தியேட்டர் அமைதியா இருக்கு" என்றார் அறுவை மருத்துவர் திரைத்துணிக்கு அப்பாலிருந்து. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நேரத்தில் குறட்டை நின்றது.

"சார், கொறட்ட நின்னுபோச்சு."

"நல்லாத் தூங்கட்டும்."

குறட்டை என்பது பாதி அடைபட்ட தொண்டை. அது நின்றால் ஒன்று அடைப்பு திறந்திருக்க வேண்டும், இல்லை முழுதும் மூடியிருக்க வேண்டும். எத்தனையோ மாணவர்களை இந்தக் கேள்வி கேட்டுத் திணறடித்திருக்கிறேன்.

"காத்து வரல சார். கை ஜில்லுனு இல்ல."

நான் திரையைக் காட்டினேன். பிராணவாயு தொண்ணூற்றெட்டு. "பார். தொண்ணூற்றெட்டு."

"நெஞ்சு உள்ள போவுது, வயிறு மேல வருது சார். இழுக்கறாரு, காத்து போவல."

"நான் டாக்டரா, நீ டாக்டரா?"

அவர் பெரியவரின் தலைக்குக் குறுக்கே இருந்த என் கையைத் தள்ளிவிட்டார். பலகையில் ஏறி நின்று, இரு பக்கமும் தாடைக்குப் பின்னால் விரல்களை மாட்டி, பலங்கொண்ட மட்டும் முன்னால் தூக்கினார். நீருக்குள் மூழ்கி எழுந்தவன் இழுப்பதுபோல ஒரு மூச்சு உள்ளே போன சத்தம் அறை முழுதும் கேட்டது.

அதற்குப் பிறகுதான் திரையில் எண் இறங்கத் தொடங்கியது. தொண்ணூறு, எண்பத்திரண்டு, எழுபத்தொன்று. காரணம் எளிது. முகமூடி வழியே பிராணவாயு பெற்றுக்கொண்டிருந்தவருக்கு மூச்சு அடைபட்டாலும் எண் உடனே இறங்காது. நுரையீரலில் நேர்ந்தது விரல்நுனிக்கு வந்து சேரவும் நேரமாகும். இறங்கத் தொடங்கினால், காற்று போன பிறகும் சிறிது நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அவர் தாடையைப் பிடித்துக்கொள்ள, நான் முகமூடியோடு இணைந்த ரப்பர் பையை அழுத்திக் காற்று கொடுத்தேன். சில நிமிடங்களில் எண் ஏறியது. மாலையில் பெரியவர் கண் விழித்துக் கஞ்சி கேட்டார். தாடை மட்டும் இரு பக்கமும் கன்றிப்போயிருந்தது.

கருவி ஒவ்வொரு நிமிடத்தையும் பதிந்து வைத்திருந்தது. அவர் தொடும்வரை தொண்ணூற்றெட்டு. தொட்ட பிறகு எழுபத்தொன்று. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். கருவி பொய் சொல்லவில்லை, தாமதமாகச் சொன்னது. அந்தத் தாமதத்தின்மேல் என் பொய்யைக் கட்டினேன். உதவியாளர் என்னைக் கேளாமல் தூக்க மருந்தின் இரண்டாவது அளவைச் செலுத்தினார், நோயாளியின் தாடையை முரட்டுத்தனமாகப் பிடித்தார், அதன்பிறகே பிராணவாயு குறைந்தது, நான் மீட்டேன் என்று எழுதினேன். அவசரத்தில் என் வாய்ச்சொல்லுக்கு அவர் மருந்து செலுத்தியதுண்டு என்பதால் எல்லோராலும் நம்ப முடிந்தது. அறுவை மருத்துவரும் செவிலியரும் துணிக்கு அப்பால் இருந்தார்கள். பேச்சு காதில் விழுந்தது; ஊசி போட்ட கையைப் பார்த்ததாக யாராலும் சொல்ல முடியவில்லை.

நிர்வாகி எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, "நீயாம்மா ஊசி போட்ட?" என்று அவரைக் கேட்டார்.

"சாருக்குத் தெரியும்" என்றார் அவர்.

நிர்வாகி என்னைப் பார்த்தார். நான் மேசைமேல் இருந்த என் அறிக்கையைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அவர் எழுந்து தன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, தன் ஊர்ப்பக்கம் போகும் புதூர்நாட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஊரில் அந்தப் பெரியவரின் கன்றிய தாடையை எல்லோரும் பார்த்தார்கள். கூட இருந்தே ஊசியை அதிகமாகப் போட்டுக் கொல்லப் பார்த்தாள் என்றும், தாடையை ஒடித்துவிட்டாள் என்றும் பேச்சாயிற்று. அதுவரை காய்ச்சலென்றாலும் பிரசவமென்றாலும் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பிறகு யாரும் கூப்பிடவில்லை. இதையெல்லாம் வந்துபோன நோயாளிகள் சொல்லக் கேட்டேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

இன்னும் ஒன்று உண்டு. அவர் போன மறுவாரம், கதவைச் சாத்திவிட்டு, குழாயடியில் என் புறங்கையை நனைத்துக்கொண்டேன். நோயாளியின் மூக்கருகே வைத்தேன். ஜில்லென்றிருந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு அறுவைக்கும் அப்படிச் செய்தேன். "சார் கைய வெச்சே சொல்லிடுவாரு" என்று செவிலியர் புதிதாக வந்தவர்களிடம் சொல்லத் தொடங்கினார்கள். நான் ஓய்வுபெற்ற நாளில் ஓர் இளம் மருத்துவர் மேடையில் அதைச் சொல்லிப் புகழ்ந்தார். கைதட்டினார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் ஏழு ஆண்டுகள் கீழே மகன் வீட்டில் இருந்தேன். போன ஆண்டுதான் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஏன் அவ்வளவு தாமதம் என்று கேட்டால், மரியாதைக்குரிய பதில் என்னிடம் இல்லை. ஒரு நகலை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன்.

அவர் வீட்டு முன்னால் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் எழவில்லை; போகச் சொல்லவும் இல்லை. நின்றபடியே கடிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். அவர் கை ஒரு கணமும் நிற்கவில்லை.

"படிச்சு முடிச்சிட்டீங்களா?"

"முடித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன்."

"இத்த எனக்கு எதுக்கு சார் படிக்கிறீங்க? எனக்குத் தெரியாதது இதுல இன்னா இருக்குது?" கொட்டையைத் தூக்கி எறிந்தார். "மொட்டப் பாறயத் தாண்டி மூனாவது வூடு. அங்க போய்ப் படிங்க."

போனேன். முழங்கால் வலியோடு அந்த ஏற்றத்தில் நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். பெரியவர் உயிரோடு இருந்தார், காது சற்று மந்தம். அவருடைய மகன் என்னை அடையாளம் கண்டு நாற்காலி போட்டான். உட்காராமல் படித்தேன்.

"அப்போ அந்தக்கா ஊசி போடலயா சார்?" என்றான் மகன்.

"நான்தான் போட்டேன்."

"தாடைய?"

"அவங்க தூக்கலைன்னா அன்னைக்கே உங்க அப்பா இல்லை."

அவன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "அப்பவே ஏன் சார் சொல்லல?" என்றான்.

"பொறாமை."

"இன்னா சார் பொறாம? நீங்க டாக்டரு. அந்தக்கா எட்டாவது."

"அதனாலதான்."

மகன் அப்பாவின் காதருகே குனிந்து உரக்கச் சொன்னான். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பெரியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோலை எடுத்து, வாசலைத் தாண்டி இறங்கத் தொடங்கினார். "நைனா, நில்லு, நானும் வர்றேன்" என்று மகனும், பின்னால் மருமகளும் போனார்கள். அக்கம்பக்கத்து வீட்டார் விசாரித்துக்கொண்டே சேர்ந்துகொண்டார்கள். நான் அந்த நாற்காலியின் பக்கத்தில் தனியாக நின்றேன். ஜீப்புக்குத் திரும்பும் வழியில் தூரத்தில் அந்த அம்மாளின் வீட்டுமுன் கூட்டம் தெரிந்தது. பெரியவர் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. போகவும் துணிவில்லை.

மருத்துவமனையிலிருந்து அவரைத் திரும்ப அழைத்தார்கள். அவர் போனார் என்பது, மூன்று மாதம் கழித்து அங்கே புதிதாகச் சேர்ந்த மயக்க மருத்துவர், ஓர் இளம்பெண், என்னைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் தெரிந்தது. என் கடிதம் கோப்பில் இருக்கிறது. அந்தப் பெண் அதைப் படித்திருப்பாரோ என்று பயந்தேன். படித்திருந்தார். ஆனால் அதைப் பற்றிப் பேசவில்லை.

"சார், அக்கா வாரத்துல ரெண்டு நாள் வர்றாங்க. நேத்து ஒரு சிசேரியன். தூக்க மருந்து ஒன்னுமே குடுக்காம அந்தப் பொண்ண முழுக்கப் பேச வெச்சே முடிச்சிட்டாங்க. இவங்களோட அத்தன வருஷம் வேல பாத்திருக்கீங்க. நீங்க குடுத்து வெச்சவர் சார்."

அந்தக் குரலில் கிண்டல் இல்லை. உண்மையாகவே சொன்னார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதையும் எழுதிவிட வேண்டும். நிம்மதி தோன்றியிருக்க வேண்டும். இந்தப் பெண் என்னை அழைத்து அவரைப் பற்றித்தான் பேசுகிறாளே என்று தோன்றியது.

சிக்னல் சரியாக இல்லையம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.